ஜெனிட்டா, வயது பத்தொன்பது

சகாயராணியின் மூத்த மகளுக்கு வயது பத்தொன்பது என்று அரசாங்கம் சொன்னது. அந்த மகளின் வாயில் இன்னும் இரண்டு பால்பற்கள் விழாமல் இருந்தன.

வாக்காளர் அட்டை தபாலில் வந்தபோது சகாயராணிக்குச் சிரிப்புதான் வந்தது. வத்தலக்குண்டில் மின்பேருந்துகளுக்குச் சார்ஜ் ஏற்றும் நிலையத்தில் வேலை முடித்து வந்து, சீருடையைக்கூட மாற்றாமல் வாசலில் நின்று உறையைப் பிரித்தாள். அட்டையில் ஜெனிட்டாவின் முகம். அதன் கீழே பிறந்த தேதி. மகள் உள்ளே ஆறாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

அட்டையோடு மடித்து வைத்திருந்த கடிதத்தைப் படித்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

எட்டு வருடங்களுக்கு முன்னால், பதினொரு வயதில், ஜெனிட்டாவின் ரத்தத்தில் ஒரு நோய் வந்தது. அன்றைக்கு அதற்கு மருந்து இல்லை. இன்னும் எட்டு, பத்து வருடத்தில் வந்துவிடும் என்றார்கள் மருத்துவர்கள். அதுவரை உயிரை நிறுத்தி வைக்க ஒரே வழி நீள்துயில். உடம்பைக் குளிரவைத்து, இதயத்தை மெதுவாக்கி, ஒரு வருடத்தை அரை மாதமாகச் சுருக்கிவிடுவார்கள். குளிர்மலையில் இருந்த துயிலகத்தில், கண்ணாடி மூடிய படுக்கையில், கையில் ஜெபமாலையோடு படுத்தாள் ஜெனிட்டா. மருந்து வந்தது. துயிலகத்தில் முதன்முதலாக எழுப்பப்பட்டவள் அவள்தான். எட்டு வருடம் அவள் உடம்பில் நாலு மாதமாகக் கழிந்திருந்தது.

கண் திறந்தவள் படுக்கையைச் சுற்றி நின்றவர்களைப் பார்த்தாள். "ம்மா, இந்த அக்கா யாரு?" என்று கேட்டாள். அவள் கைகாட்டியது தங்கை பிரின்சியை. தூங்கப் போகும்போது பிரின்சிக்கு எட்டு வயது. இப்போது பதினாறு. அக்காவைவிட ஒரு தலை உயரம்.

அடுத்து, "அப்பா எங்கம்மா?" என்றாள். செபஸ்தியான் இறந்து நாலு வருடம் ஆகியிருந்தது.

கடிதம் துயிலகத்திலிருந்து வந்திருந்தது. 'அன்புள்ள ஜெனிட்டா அவர்களுக்கு' என்று ஆரம்பித்தது. தாங்கள் பதினெட்டு வயது நிறைந்தவர். தங்கள் பெயர் வாக்காளர் பட்டியலில் உள்ளது. எனவே தங்கள் தாயாரின் காப்பாளர் உரிமை முடிந்துவிட்டது. இரண்டாம் துயில் ஆய்வில், பத்து வருட காலத்துக்கு, தாங்கள் கலந்துகொள்ளத் தங்கள் ஒப்புதல் மட்டுமே போதுமானது.

"ஏண்டி, இது என்னன்னு உனக்குத் தெரியுமா?"

ஜெனிட்டா புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. "தெரியும். போன்ல பேசினாங்க."

"யாரு பேசினா?"

"அங்க இருக்கற மிஸ்ஸு. இன்னொருவாட்டி தூங்கினா, மெஹரும் நானும் ஒண்ணா எந்திரிக்கலாம்னு சொன்னாங்க."

மெஹருன்னிசா பக்கத்துப் படுக்கைக்காரி. தூங்குவதற்கு முந்தைய இரண்டு வாரமும் இருவரும் ஒரே அறையில் இருந்தார்கள். ஒரே தட்டில் சாப்பிட்டார்கள். மெஹருக்கு வேறு நோய். அதற்கான மருந்து இன்னும் சோதனையில் இருந்தது.

"உனக்குத்தான் சரியாயிருச்சேடி. திரும்ப எதுக்குத் தூங்கணும்?"

"இங்க எனக்கு யாரும்மா இருக்கா?" என்றாள் ஜெனிட்டா. அழவில்லை. அதுதான் சகாயராணிக்குப் பயமாக இருந்தது. "என் கிளாஸ் பிள்ளைங்க எல்லாம் காலேஜ் போயிட்டாங்க. பிரின்சி என்னய அக்கான்னு கூப்பிட வெக்கப்படுறா. அப்பாவும் இல்ல. மெஹருக்கு மட்டும்தான் என் வயசு."

அன்றைக்குச் சகாயராணி எவ்வளவு பேசியும் மகள் மசியவில்லை. மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, அட்டையில் துயிலகத்தின் முகவரி இருந்ததால் மலைக்குப் பஸ் ஏறி, அங்கிருந்த வாக்காளர் பதிவு அலுவலகத்தில் ஆட்சேபணை மனு கொடுத்தாள். என் மகள் குழந்தை. அவள் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்குங்கள்.

விசாரணைக்கு அழைத்த நாள், ஆட்சேபணைகளுக்கான கடைசி நாளாக இருந்தது. மாலை ஐந்து மணியோடு பட்டியல் மூடப்படும்.

*

அலுவலகத்தில் மேசைக்குப் பின்னால் பதிவு அலுவலர் கதிரேசன் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது. மலைக் குளிருக்கு அரைக்கை ஸ்வெட்டர். ஜெனிட்டாவை ஒரு முறை பார்த்துவிட்டுத் தன் முன்னால் இருந்த தாளைப் பார்த்தார். பிறகு மறுபடியும் அவளைப் பார்த்தார். நாற்காலியில் அவள் கால் தரையைத் தொடவில்லை.

துயிலகத்துக்காக ஞானவேல் என்ற வக்கீல் வந்திருந்தார். நல்ல குரல். எதையும் உரக்கச் சொல்ல வேண்டிய அவசியமில்லாத குரல்.

"சார், சட்டம் என்ன கேக்குது? தகுதி நாளன்னிக்குப் பதினெட்டு வயசு முடிஞ்சிருக்கணும். வயசை எப்படிக் கணக்குப் பண்றது? பிறந்த தேதியிலேருந்து. உயரத்தைப் பார்த்து இல்ல, பல்லைப் பார்த்து இல்ல. தூங்கின காலத்தைக் கழிச்சுக்கணும்னு எந்தப் பிரிவுலயும் எழுதலை."

"நீள்துயில் வர்றதுக்கு முன்னாடி எழுதின சட்டங்க அது," என்றாள் சகாயராணி. "ஒரு மனுஷன் எட்டு வருஷம் தூங்குவான்னு அப்ப யாருக்குத் தெரியும்?"

"உண்மைதாம்மா. ஆனா யோசிச்சுப் பாருங்க. தூங்கின வருஷம் கணக்குல வராதுன்னு இன்னிக்கு சார் உத்தரவு போட்டுட்டா, நாளைக்கு என்ன ஆகும்? நாற்பது வயசுல தூங்கப் போனவர் ஐம்பதுல எந்திரிச்சா, அவரு பத்து வருஷம் இந்த நாட்டுல இல்லவே இல்லைன்னு ஆயிடும். வீடு, வேலை, பென்ஷன் எல்லாத்துலயும் யாராவது கை வைப்பான். உங்க பொண்ணோட எட்டு வருஷத்தை நீங்களே இல்லைன்னு சொல்லப் போறீங்களா?"

அந்த எட்டு வருடத்தில் சகாயராணி ஒரு மாதம்கூடத் தவறாமல் மலையேறி, கண்ணாடிக்கு வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். கணவன் செத்த செய்தியைக்கூட அந்தக் கண்ணாடியிடம்தான் சொன்னாள். அதை இல்லை என்று எப்படிச் சொல்வது?

"சார், எனக்குச் சட்டம் தெரியாது," என்றாள் கதிரேசனிடம். "இவ ஓட்டுப் போடுறதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. பட்டியல்ல பேர் இருந்தா இவ பெரிய மனுஷின்னு ஆயிருது. பெரிய மனுஷின்னா இவங்க நீட்டுற தாள்ல கையெழுத்துப் போட்டுருவா. பதினோரு வயசுப் பிள்ளைங்க சார். மிட்டாய் தர்றேன்னா போயிரும்."

"நான் ஒண்ணும் மிட்டாய்க்குப் போக மாட்டேன்," என்றாள் ஜெனிட்டா.

கதிரேசன் அவள் பக்கம் திரும்பினார். "ஜெனிட்டா, உங்க பேர் பட்டியல்ல இருக்கணுமா, வேண்டாமா?"

தன்னை ஒருவர் 'உங்க' என்று சொன்னதில் அவள் கொஞ்சம் திகைத்தாள். "இருக்கணும்."

"ஏன்?"

"இருந்தாத்தான் நான் மெஹர் கூடத் தூங்கப் போக முடியும்."

வக்கீல் மெல்லத் தொண்டையைச் செருமினார். "பாப்பா தெளிவாத்தான் இருக்கு சார்."

"பாப்பாவா, பெரியவங்களா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க," என்றார் கதிரேசன். ஆனால் அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

ஞானவேல் சகாயராணியின் பக்கமாகக் குனிந்தார். குரலில் பரிவு இருந்தது. "அம்மா, உங்களுக்கு ஒரு வழி இருக்கு. சித்த சுவாதீனம் இல்லைன்னு நீதிமன்றம் சொல்லிட்டா, பேரை எடுத்துடலாம். காப்பாளர் உரிமையும் உங்ககிட்டயே இருக்கும். எட்டு வருஷத் தூக்கம், மூளையில லேசா பாதிப்புன்னு ஒரு சான்றிதழ். அதையும் எங்க டாக்டரே தருவார்."

"சித்த சுவாதீனம்னா என்னம்மா?" என்று கேட்டாள் ஜெனிட்டா.

சகாயராணியின் மனம் வேகமாகக் கணக்குப் போட்டது. ஒரு சான்றிதழ். மகள் வீட்டிலேயே இருப்பாள். பள்ளிக்கூடம் போவாள், வளர்வாள். வயது பதினெட்டு ஆகும், இருபது ஆகும். போகிற இடமெல்லாம் அந்தத் தாளும் கூடவே வரும். வேலைக்கு, கல்யாணத்துக்கு, ஒரு வாடகை வீட்டுக்கு. பைத்தியம் என்று பெற்ற தாயே எழுதிக் கொடுத்தாள் என்று.

"ம்மா, அப்படின்னா என்ன?"

"புத்தி சரியில்லைன்னு அர்த்தம்டி."

ஜெனிட்டாவின் முகம் சுருங்கியது. "எனக்கா?"

"இல்ல," என்றாள் சகாயராணி. வக்கீலைப் பார்த்துச் சொன்னாள்: "என் பொண்ணுக்குப் புத்தி நல்லாத்தான் இருக்கு. அதை நான் எழுத மாட்டேன்."

மூன்று மணி அடிக்கும்போது கதிரேசன் உத்தரவை வாசித்தார். சட்டத்தில் இல்லாத கழித்தலைச் செய்ய இந்த அலுவலருக்கு அதிகாரம் இல்லை. ஆட்சேபணை தள்ளுபடி. பாகம் எண் முப்பத்தேழு, வரிசை எண் பத்தொன்பது, ஜெனிட்டா, வயது பத்தொன்பது, பெயர் நீடிக்கிறது.

சகாயராணிக்குக் காது அடைத்துக்கொண்டது.

*

ஞானவேல் பையிலிருந்து ஒப்புதல் படிவத்தை எடுத்து அதே மேசையிலேயே வைத்தார். நாற்பது பக்கம் இருக்கும். கடைசிப் பக்கத்தில் மஞ்சள் ஒட்டுத்தாள் ஒட்டியிருந்தது. "இங்க ஒரு கையெழுத்துப் போதும்மா. வேன் கீழதான் நிக்குது. மெஹரைக் கண்ணாடி வழியா இன்னிக்கே பாத்துடலாம்."

"இன்னிக்கேவா?" சகாயராணி எழுந்தே விட்டாள்.

"அவங்க விருப்பம் அம்மா. இனி அவங்க விருப்பம்தான்."

ஜெனிட்டா பேனாவை எடுத்தாள். அம்மாவைப் பார்த்தாள். பார்வையை உடனே தாழ்த்திக்கொண்டாள்.

"ஒரு நிமிஷம்," என்றார் கதிரேசன். "என் மேசையில, என் முன்னாடி நடக்குது. சாட்சின்னு யாராவது கேட்டா நான்தான். படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போட்டாங்கன்னு நான் சொல்லணும்ல?"

"அதெல்லாம் சம்பிரதாயம் சார். பாப்பாவுக்கு..." ஞானவேல் நிறுத்திக்கொண்டார்.

"மேஜர். நீங்கதான் நிரூபிச்சிருக்கீங்க. படிக்கட்டும்."

ஜெனிட்டா படித்தாள். பள்ளிக்கூடத்தில் பாடம் படிப்பதுபோல விரலை வைத்து, வாய்விட்டுப் படித்தாள். 'துயிலாளர்' என்றால் என்ன, 'பொறுப்பேற்காது' என்றால் என்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். சகாயராணி பக்கத்தில் உட்கார்ந்து அர்த்தம் சொன்னாள். சில இடங்களில் பயமுறுத்திச் சொல்லிவிடலாமா என்று ஆசை வந்தது. ஒரு வார்த்தை கூட்டிச் சொன்னால் போதும், மகள் பயந்துவிடுவாள். ஆனால் சொல்லவில்லை. இந்தப் பிள்ளையிடம் பொய் சொல்ல எதிரில் உட்கார்ந்திருக்கும் வக்கீல் ஒருத்தரே போதும் என்று தோன்றியது. உள்ளதை உள்ளபடி சொன்னாள். கடிகாரம் நாலைத் தாண்டியது. ஞானவேல் இரண்டு முறை எழுந்து வெளியே போய் போனில் பேசிவிட்டு வந்தார்.

இருபத்தாறாம் பக்கத்தில் விரல் நின்றது.

"'முதல் துயிலில் உள்ளோர், அவரவர் சிகிச்சை வரிசைப்படி எழுப்பப்படுவர். அந்த வரிசை இரண்டாம் துயில் ஆய்வினால் மாறாது.'" அவள் நிமிர்ந்தாள். "அங்கிள், மெஹர் வரிசை எப்ப?"

"அது... மருத்துவர்கள்தான் சொல்லணும்."

"பின்னாடி பட்டியல் இருக்கு போல," என்றார் கதிரேசன்.

சகாயராணி தாளைப் புரட்டினாள். இணைப்பு இரண்டில் பெயர்கள். மெஹருன்னிசா என்ற பெயருக்கு நேராக, வருகிற சித்திரை மாதம் என்று இருந்தது. இன்னும் ஏழு மாதம்.

ஜெனிட்டா அந்த வரியை இரண்டு முறை படித்தாள். "அப்ப, மெஹர் எந்திரிக்கும்போது நான் தூங்கிட்டிருப்பேனா?"

ஞானவேல் படிவத்தை எடுக்கக் கை நீட்டினார்.

"அவ எந்திரிச்சு என்னயத் தேடுவால்ல? நான் பத்து வருஷம் தூங்கிட்டே இருப்பேன். நான் எந்திரிக்கும்போது அவ..." கணக்குப் போட்டாள். உதடு அசைந்தது. "அவ பிரின்சி மாதிரி ஆயிருப்பா."

"பாப்பா, அதைத் திருத்திக்கலாம். நான் பேசறேன்..."

"ஒண்ணா எந்திரிப்பீங்கன்னு மிஸ்ஸு சொன்னாங்க. அது பொய்யா?"

ஞானவேல் போனை எடுத்துப் பார்த்தார்.

ஜெனிட்டா கதிரேசனிடம் கேட்டாள். "சார், நான் பெரிய மனுஷின்னா, வேண்டாம்னு சொன்னாலும் செல்லுமா?"

"செல்லும்."

"அப்ப வேண்டாம்." பேனாவை மூடி வைத்தாள். அதற்குப் பிறகுதான் அழுதாள். சகாயராணி அவளை இழுத்து வயிற்றோடு சேர்த்துக்கொண்டாள். இரவு வேலை முடித்து மாற்றாமலே வந்திருந்த, சார்ஜ் நிலையத்து ரப்பர் வாடை அடித்த சீருடையில் மகளின் மூக்குநீர் எல்லாம் ஒட்டியது.

*

அத்துடன் பஸ் பிடித்து வீட்டுக்குப் போயிருப்பார்கள். வராந்தாவில் ஒட்டியிருந்த பட்டியலில் தன் பெயரைப் பார்க்க வேண்டும் என்று ஜெனிட்டாதான் நின்றாள். கொஞ்சம் எக்கி, முப்பத்தேழாம் பாகத்தைத் தேடினாள். ஒரே ஒரு தாள். தன் பெயரைத் தாண்டி அவள் விரல் கீழே இறங்கியது.

"ம்மா! மெஹர் பேரு இங்க இருக்கு. அவளுக்கும் பத்தொன்பது."

சகாயராணி கிட்டே வந்து பார்த்தாள். நாற்பத்தேழு பெயர்கள். எல்லாவற்றுக்கும் ஒரே முகவரி, துயிலகம். ஜெனிட்டாவைத் தவிர மற்ற நாற்பத்தாறு பெயர்களுக்கு எதிரிலும் கடைசிக் கட்டத்தில் 'உதவியாளர்' என்று போட்டு ஒரே பெயர் அச்சிடப்பட்டிருந்தது. துயிலகத்தின் மேலாளர் பெயர்.

"தூங்குறவங்க எப்படிம்மா ஓட்டுப் போடுவாங்க?"

தேநீர் குடிக்க அறையிலிருந்து வெளியே வந்த கதிரேசன் நின்றார்.

"கண் தெரியாதவங்க, கை கால் வராதவங்களுக்கு உதவியாளர் ஒருத்தர் கூடப் போய்ப் போடலாம்," என்றார். "தூங்குறவங்களுக்கும் அது பொருந்தும்னு போன வருஷம் துயிலகத்துல எழுதி வாங்கிட்டாங்க."

"நாற்பத்தாறு பேருக்கும் ஒரே ஆளா?" என்றாள் சகாயராணி. "இவ்வளவு சின்ன ஊர்ல அது..."

"இந்த வார்டுல போன தடவை ஜெயிச்சவர் பதினோரு ஓட்டுலதாம்மா ஜெயிச்சார். துயிலகத்துக்கு மலையில இன்னும் முப்பது ஏக்கர் கொடுக்கறதா வேண்டாமான்னு முடிவு பண்ணப் போறது புதுசா வர்ற நகர்மன்றம்."

"யாரும் கேக்கலையா?"

"கேக்கலாம். ஆனா உதவியாளரை ஆட்சேபிக்கணும்னா, அதே பாகத்துல பேர் இருக்கற வாக்காளர் ஒருத்தர் எழுதிக் கொடுக்கணும். இந்தப் பாகத்துல இருக்கறது ஒரே கட்டடம். நான் யாருகிட்டயும் போய்ச் சொல்ல முடியாது. யாராவது கேட்டா பதில் சொல்லலாம். இத்தனை நாள் கேக்கறதுக்கு ஆள் இல்ல."

சகாயராணி மகளைப் பார்த்தாள். அந்தப் பாகத்தில் விழித்திருக்கும் ஒரே வாக்காளர். முழங்கை வரை மடித்த ஸ்வெட்டர், அழுது வீங்கிய கண். வேன் கீழே ஏன் தயாராக நின்றது என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

வராந்தாவின் கோடியில் போனோடு நின்ற ஞானவேலும் திரும்பிப் பார்த்தார். வேகமாக வந்தார். "சார், இது சரியில்ல. ஒரு சின்னப் பிள்ளைகிட்டப் போய்..."

"யாரைச் சொல்றீங்க?" என்றார் கதிரேசன்.

ஞானவேல் போனைக் காதில் வைத்துக்கொண்டு கேட்டை நோக்கி நடந்தார்.

"சார், எழுதிக் கொடுத்தா மெஹர் பேரை எடுத்துருவீங்களா?" என்று கேட்டாள் ஜெனிட்டா.

"பேரையும் ஆட்சேபிக்கலாம். உதவியாளரை மட்டும்னாலும் ஆட்சேபிக்கலாம். ரெண்டும் தனித்தனிக் கட்டம்."

அவள் யோசித்தாள். "பேரு இருக்கட்டும். அவ எந்திரிச்சதும் அவளே போட்டுக்குவா. அவளுக்குப் பதிலாப் போடுறவரை மட்டும் எடுத்துருங்க."

மணி நாலு முப்பத்தைந்து. ஒரு பெயருக்கு ஒரு படிவம், வாக்காளரே தன் கையால் எழுத வேண்டும் என்பது விதி. கதிரேசன் அவர்களை உள்ளே கூட்டிப்போய், அலமாரியிலிருந்து நாற்பத்தாறு படிவங்களை எண்ணி வைத்தார். ஜெனிட்டா நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தாள். குண்டு குண்டான ஆறாம் வகுப்பு எழுத்து. கோட்டுக்கு வெளியே ஓடிய எழுத்து.

ஐந்து மணிக்குக் கதிரேசன் போய் வெளிக் கேட்டைச் சாத்தினார். "மணிக்கு முன்னாடி உள்ள வந்தவங்க மனுவை வாங்கித்தான் ஆகணும். எவ்வளவு நேரம் ஆனாலும்," என்று யாரும் கேட்காமலே சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தார். கேட்டுக்கு வெளியே வேன் கிளம்புகிற சத்தம் கேட்டது.

பத்தொன்பதாவது படிவத்தில் ஜெனிட்டா பேனாவை வைத்துவிட்டுக் கையை உதறினாள்.

"வலிக்குதாடி?"

"ம்."

சகாயராணி அந்தச் சின்ன மணிக்கட்டை வாங்கித் தன் இரண்டு கைக்குள் வைத்து நீவினாள். தான் எழுதித் தர முடியாது. தான் கையெழுத்துப் போட முடியாது. இந்தப் பிள்ளைக்காக இனி எந்தத் தாளிலும் தன் கையெழுத்து செல்லாது. அது நெஞ்சில் ஒரு பக்கம் வலித்துக்கொண்டே இருந்தது.

"இன்னும் எத்தனை இருக்கும்மா?"

"இருபத்தேழு."

ஜெனிட்டா கையை இழுத்துக்கொண்டு அடுத்த தாளை எடுத்தாள்.